கண் திறக்காத கழுகு

மருமகள் இன்று காலையில் அடுப்பில் தேன்மெழுகு உருக்கினாள். மல்லாட்டைக் கடலை எண்ணெய் விட்டு, குங்கிலியத்தை இடித்துப் போட்டுக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் அந்த வாசனைக்கே உள்ளே ஓடி வந்தேன். உங்கள் வாசனை அது. உங்கள் வேட்டியில், தலையணையில், நீங்கள் தொட்ட சோற்றுத் தட்டில்கூட இருந்த வாசனை.

"இன்னாடி பண்றே?" என்றேன்.

"பித்தவெடிப்புக்கு அத்தே. குதிகாலு பாளம் பாளமா கெடக்குது."

ஒரு கழுகுக்கு இறகு வைக்கிற மெழுகை அவள் குதிகாலில் தடவிக்கொண்டு போகிறாள். நீங்கள் இருந்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்வதுதானே உங்கள் குணம். நீங்கள் போய்ச் சேர்ந்து, வருகிற ஆடியோடு இரண்டு வருஷம் ஆகிறது. செத்த மனுஷரைத் திட்டக்கூடாது என்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போய் வந்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. உங்களைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவது? அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள் என்றாலும் உங்களுக்கு வந்த கடுதாசி எல்லாவற்றையும் நான்தானே படித்துச் சொன்னேன். இதையும் நானே எழுதுகிறேன். நானே படித்தும் காட்டுகிறேன். காது இருந்தால் கேளுங்கள்.

அந்தப் பிரெஞ்சு தேசத்துச் சாமியார் விழுப்புரத்தில் பித்தளை வார்க்கிற நம் கன்னார் தெருவுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தது நினைவிருக்கிறதா? வெள்ளை அங்கியெல்லாம் செம்மண். அவர் பேசிய தமிழைக் கேட்டு நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிற மாதிரி பேசினார். பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து உங்கள் கையில் கொடுத்தார். ஒரு உருண்டைமேல் நிற்கிற கழுகு. இறக்கை இரண்டையும் விரித்திருந்தது. அந்த விரித்த இறக்கைமேல் ஒரு பெரிய புத்தகம்.

"ஆசாரியே, இதைப் போன்ற ஒன்றை நீர் வார்த்துத் தர இயலுமா? இது எம்முடைய ஊர்க் கோவிலில் உள்ளது. ஐந்நூறு ஆண்டுப் பழமை. மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றினார்கள்."

நீங்கள் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "அட, அங்கயும் நம்ம வேலைதானா? அது சரி, வரட்டிக்கு இன்னா பண்ணாங்க சாமி?"

அவருக்கு வரட்டி என்றால் புரியவில்லை. நான் சுவரில் காய்ந்துகொண்டிருந்த ஒன்றைப் பிய்த்துவந்து கொடுத்தேன். அவர் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார் பாருங்கள்! நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்பிலேயே வேலையை ஒப்புக்கொண்டீர்கள்.

உடம்பு உங்களுடையது, இறகு என்னுடையது. இதை நான் இப்போது சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. திருவாமாத்தூர்ப் பக்கத்து ஆற்றிலிருந்து வண்டல் வந்து சேருகிற வரைக்கும் நான் ஈரப் பலகையில் மெழுகைத் தகடு தகடாகத் தேய்த்தேன். ஒவ்வொரு இறகாக வெட்டி, ஈர்க்குச்சியால் நரம்பு கீறி, சூடு காட்டிய கம்பியால் ஒட்டினேன். வெயில் ஏறினால் இறகு வளைந்துகொள்ளும் என்று விடியலில் உட்கார்ந்துவிடுவேன். கழுத்துக்குக் கீழே பொடி இறகு, இறக்கை நுனியில் நீள இறகு. ஒன்று மாதிரி இன்னொன்று இருக்கக்கூடாது என்று வானத்தில் பருந்து பறந்தால் கூரைமேல் ஏறாத குறையாகப் பார்த்தேன். நீங்கள் வண்டலை அரைத்துப் பூசி, நிழலில் உலர்த்தி, மேலே மண் ஏற்றி, கம்பி கட்டி, வரட்டி மூட்டத்தில் வைத்தீர்கள். என் இறகெல்லாம் உருகி ஓடியது. பித்தளை உள்ளே போய், ஆறி, நீங்கள் மண்ணை உடைத்தபோது ஒரு இறகு விடாமல் நின்றது.

"எறங்கியிருக்குது" என்றீர்கள். அவ்வளவுதான். உங்கள் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வருவதே பெரிசு என்று நானும் பெருமையாகத்தான் இருந்தேன்.

அரம் போட்டு, தேய்த்து, பளபளவென்று ஆக்கிய பிறகு பார்த்தால் கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடம் இரண்டு பக்கமும் உருண்டையாக, வழவழவென்று இருந்தது.

"கண்ணு?" என்றேன்.

"அங்கே போயித்தான்."

நமக்குள் அதற்குமேல் பேச்சு தேவையில்லை. கோவிலுக்கு வார்த்துக் கொடுக்கிற எதற்கும் கடைசியில்தானே கண் திறப்பீர்கள். சின்ன உளியை எடுத்துக்கொண்டு போய், அது நிற்கப்போகிற இடத்தில் நிற்கவைத்து, எதிரே கண்ணாடியும் நெல் குவியலும் வைத்து, பசுவையும் கன்றையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் கோடு போடுவீர்கள். திறந்த கண் முதலில் நல்லதைப் பார்க்கணும். சின்ன வயசிலிருந்து பார்த்ததுதான். அதனால் நானும் வைக்கோலைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். ரயிலில் கார்டு பெட்டியில் ஏற்றும்போது அந்த கார்டு, "இன்னா ஆசாரி, கோழியா? டிக்கெட் எடுத்தியா அதுக்கு?" என்று கேட்டதும், "முட்டை வெச்சா ஒனக்கு ஒண்ணு தர்றேன்" என்று நீங்கள் சொன்னதும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. திண்டிவனம் போகிற வரைக்கும் சந்தோஷமாகத்தான் போனோம்.

திண்டிவனத்துக்கு வெளியே இருந்த அந்தக் கோவிலில் சாமியார் மட்டும்தான் இருந்தார். வைக்கோலைப் பிரித்ததும் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். இறகைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு தலைக்கு வந்தது அவர் கை.

"ஆசாரியே, விழிகள் எங்கே?"

நீங்கள் சொன்னீர்கள். கண்ணாடி, நெல், பசு, கன்று. அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"இது தெய்வம் அன்று. வேதபுத்தகம் தாங்கும் பீடம். கழுகு சூரியனையே இமைக்காமல் நோக்கும் என்பார்கள். ஆதலால்தான் கடவுளுடைய வார்த்தையை அதன்மேல் வைக்கிறோம். சடங்கு எதுவும் இங்கே கூடாது. விழிகளை மட்டும் செதுக்கிவிடும்."

"பொஸ்தகம் வெக்கிறதுக்குன்னா பலகையே போதுமே சாமி, பறவை எதுக்கு?" என்றீர்கள். "சூரியனையே பாக்குற கண்ணுன்னு நீங்களே சொல்றீங்க. அதப் போயி சும்மா தொறக்கலாமா? உங்க ஊருல யாரு தொறந்தாங்க, எதைக் காட்டித் தொறந்தாங்க?"

அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டார், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சடங்குக்கு மட்டும் அசையவில்லை. நீங்களும் அசையவில்லை. "நம்ம பட்டறையிலயே சும்மா தொறந்துடலாங்க, ஒரு வேலை முடிஞ்சிடும்" என்று நான் நடுவில் புகுந்தேன்.

"மொதமொதல்ல அது என் மூஞ்சியவா பாக்கணும்? உருப்படுமா?"

"ஏன், என் மூஞ்சிய பாக்கட்டும்."

"அதுக்கு அது இருட்டுலயே இருக்கட்டும்" என்றீர்கள். சாமியார்கூடச் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் சுருக்கென்றது.

அப்புறம்தான் அவர் விஷயத்தைச் சொன்னார். அந்தக் கோவிலுக்குள் நடுவில் ஒரு மூங்கில் தட்டி இருந்ததாம். ஒரு பக்கம் மேலத்தெரு, ஒரு பக்கம் கீழத்தெரு. ஒரே சாமியைக் கும்பிட வந்தவர்கள் தட்டிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். அதை அவர் அதற்கு முந்தின மாதம்தான் பிடுங்கிப் போட்டிருந்தார். கல்லெறிகூட நடந்திருக்கிறது. இன்னும் காயம் ஆறவில்லை. கண் திறக்கிற சடங்கு என்று பேச்சு வெளியே போனால், ஒரு தெரு செய்யலாம் என்னும். இன்னொரு தெரு, 'பாத்தீங்களா, இவங்க இன்னும் மாறல' என்று அதையே சாக்காக வைத்துத் தட்டியைத் திரும்பக் கட்டும்.

"கண் ஏன் இல்லை என்று கேட்பார்களே, என்ன சொல்வேன்?" என்றார்.

நீங்கள் யோசிக்கக்கூட இல்லை. "ஆசாரி மறந்துட்டான்னு சொல்லிடுங்க சாமி."

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னாங்க பேசுறீங்க? யாராச்சும் கண்ணை மறப்பாங்களா?" என்று நான் கத்தினேன். "நீ சும்மா இரு. தட்டிய எடுத்த மனுஷன் இவரு. என் பறவையால மறுபடி அது நிக்கக்கூடாது. இதப் பத்தி நீ எங்கியும் வாயத் தொறக்கக்கூடாது" என்று சொல்லி, என் கையைப் பிடித்து உங்கள் தலைமேல் வைத்துக்கொண்டீர்கள். அதற்கு மேல் ஒரு பெண்சாதி என்ன பேசுவாள்? அந்தப் பக்கம் அவர் கண் கலங்குகிறார், இந்தப் பக்கம் நீங்கள் ஏதோ கடமை முடிந்த மாதிரி வைக்கோலை உதறி மடிக்கிறீர்கள்.

தானம் செய்தது நீங்கள். எடுத்தது என் தட்டிலிருந்த சோற்றை.

அதற்கப்புறம் நான் பட்டதை நீங்கள் காதில் வாங்கவே இல்லை. அந்தக் கோவில் உபதேசியார், சாமியாருக்குக் கூடமாட இருந்து ஜெபம் சொல்லிக் கொடுக்கிறவர், சந்தைக்கு வரும்போதெல்லாம் விழுப்புரம் முழுக்கக் கதையைப் பரப்பிவிட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் வாய் ஓயாது. குடம் வாங்க வந்தவள், "அடிப்பக்கம் வெச்சீங்களா, அதையும் மறந்துட்டீங்களா?" என்று தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். வேறொரு கோவிலுக்கு மெழுகுவத்தி வைக்கிற பெரிய திரித்தண்டு இரண்டு செய்யணும் என்று விசாரித்துக்கொண்டிருந்தவர்கள், "கண்ணு மறந்த ஆசாரிதானே" என்று வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். நம் பெண்ணைப் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா, "பொண்ணுக்குக் கண்ணு ரெண்டும் இருக்குதா, நல்லாப் பாத்துக்கடா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்! நான் உள்ளே போய் பஜ்ஜியைக் கருக்கிவிட்டேன்.

அன்றைக்குச் சண்டை போட்டேன். "பேரு இன்னா பாத்திரமா, நசுங்கிப் போறதுக்கு?" என்றீர்கள்.

"நசுங்கினா தட்டி நிமித்திடலாம். இது ஓட்டை" என்றேன்.

அரத்தை எடுத்தீர்கள். நான் சண்டைக்கு வந்தாலே அதை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். அந்தச் சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்காது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சாமியாருக்கு வயதாகிவிட்டது, தன் தேசத்துக்கே திரும்பிப் போகிறார் என்று சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். கடைசிப் பூசைக்கு நான் அவசியம் வரவேண்டுமாம். ஆள் வந்து சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எதற்குக் கூப்பிடுகிறார்? சொல்லத்தான் கூப்பிடுகிறார். போகிறதுக்கு முன்னால் ஊர் கூடிய இடத்தில், 'அந்த ஆசாரி மறக்கவில்லை' என்று சொல்லிவிட்டுப் போகப்போகிறார். கூறைப்புடவை மாதிரி எடுத்து வைத்திருந்த அந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டேன். பேத்தியையும் அழைத்துக்கொண்டேன். அவளைப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, "ஒங்க தாத்தா கண்ணு மறந்தவராமே" என்று கேட்டிருக்கிறாள். அவளும் கேட்கட்டும் என்றுதான்.

கழுகு அங்கேயே நின்றது. யாரோ புளி போட்டுத் தேய்த்து மின்னவைத்திருந்தார்கள். என் இறகு ஒன்றுகூடத் தேயவில்லை. முன்னே லத்தீனில் நடந்த பூசை இப்போதெல்லாம் தமிழிலேயே நடப்பதால் முழுப் பூசைக்கும் அதன்மேல்தான் புத்தகம். கூட்டம் நிறைய. தட்டி இருந்த இடம் எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எந்தத் தெரு எங்கே என்று தெரியவில்லை.

பூசை முடிந்து உபதேசியார் வழியனுப்பிப் பேச எழுந்தார். கிணறு வெட்டினார், பள்ளிக்கூடம் கட்டினார் என்று சொல்லிக்கொண்டே வந்து கழுகின் முதுகில் தட்டினார். "இதோ நிக்கிறாரே, இவரையும் சாமியாருதான் கொண்டாந்தாரு. எல்லாம் வெச்ச ஆசாரி கண்ணு வெக்க மட்டும் மறந்துட்டுப் போய்ச் சேந்துட்டாரு. அதனால பாருங்க, நான் தப்பாப் படிச்சாலும் இவரு கண்டுக்கறதே இல்ல!"

கோவிலே குலுங்கிச் சிரித்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கிழவி பக்கத்துக் கிழவியின் தோளில் சாய்ந்து சிரிக்கிறாள். பேத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"மறக்கல! என் வீட்டுக்காரரு மறக்கல. கண்ணு தொறக்கறதுக்குச் சடங்கு உண்டு. அதைப் பண்ணக்கூடாதுன்னாங்க, அதனாலதான் தொறக்கல."

உங்கள் தலைமேல் வைத்த கைதான். நீங்களே இல்லாதபோது அந்தச் சத்தியம் யாரைக் கொல்லும் என்று நினைத்துக்கொண்டேன்.

"உக்காருங்கம்மா" என்றார் உபதேசியார். "சாமியாரே அன்னிக்கு எங்ககிட்ட மறந்துட்டார்னு தானே சொன்னாரு? அப்ப சாமியாரு பொய் சொன்னாருங்கிறீங்களா?"

பின்னாலிருந்து ஒரு ஆள் குரல்: "இன்னா சடங்கு? யாரு கேட்டது? கீழத்தெருவுலயா?"

"ஏய், எங்களை எதுக்கு இழுக்கிற?" இன்னொரு குரல்.

"பின்ன நாங்களா கேட்டோம்?"

முன்னால் சாய்ந்திருந்த கிழவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்துக் கிழவி புடவைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கை அகலத்துக்குத் தரை தெரிந்தது. தட்டி எங்கே நின்றிருக்கும் என்று அப்போது எனக்குத் தெரிந்துபோயிற்று.

சாமியார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கழுத்தில் மாலை. "பிள்ளைகளே, இந்த அம்மா கூறுவது..."

சொல்லத்தான் போனார். சத்தியமாகச் சொல்லத்தான் போனார். எத்தனை வருஷம் நான் காத்திருந்த வார்த்தை! இன்னும் ஒரு மூச்சில் வந்திருக்கும். அந்த மூச்சுக்குள் நான் என்ன செய்தேன் தெரியுமா?

"நீங்க உக்காருங்க சாமி" என்றேன். "வயசாயிடுச்சில்ல, எனக்குப் புத்தி தடுமாறுது. அவரு மறந்தாருன்னு ஒத்துக்க மனசு வரல. அதான் ஏதேதோ சொல்லிட்டேன்."

கோவில் மூச்சு விட்டது. "பாவம், புருஷன்மேல அவ்ளோ ஆசை" என்றாள் ஒருத்தி. பின்னால் கேட்ட இரண்டு குரலும் அடங்கிப்போயின. முன்னால் இருந்த கிழவி திரும்பி என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். என் கை பரபரத்தது, அவளை அடித்திருப்பேன்.

வாசலில் சாமியார் என் அருகில் வந்து குனிந்து, "என்னை மன்னியும் அம்மா" என்றார். காதோடு சொன்னார். காதோடு சொன்ன மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மானம் போனது ஊர் நடுவில் அல்லவா. நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இதுவரைக்கும் உங்களைத் திட்டுவதற்கு எனக்கு உரிமை இருந்தது. நீங்கள்தான் கெடுத்தீர்கள், நான் வாய் கட்டப்பட்டவள் என்று நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அதையும் பிடுங்கிக்கொண்டீர்கள். இப்போது உங்கள் பேரை விட்டுக்கொடுத்தவள் நானும்தான். நீங்கள் எனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: அந்த இடத்தில் நின்றால் வேறு வழி தெரியாது என்பது. சொல்லியிருந்தால் என்ன, வாய் தேய்ந்தா போயிருக்கும்? அந்த அரத்தைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு ஒரு நாள் சொல்லியிருக்கலாமே.

ரயிலில் பேத்தி ஏறியதும் தூங்கிவிட்டாள். எதிரே ஒரு மல்லாட்டை மூட்டைக்காரி. என்னையே பார்த்துக்கொண்டு வந்தவள், மயிலம் தாண்டியதும், "இன்னாக்கா, மூஞ்சி இப்டி இருக்குது? எழவு வீட்டுக்குப் போய்க்கினு வர்றியா?" என்று கேட்டாள். அவளுக்கு அந்தக் கோவிலும் தெரியாது, அந்தச் சாமியாரும் தெரியாது, எந்தத் தெருவும் இல்லை. கொட்டிவிட்டேன். வரட்டியிலிருந்து ஆரம்பித்து, இறகு, உளி, பசு, தட்டி, கிழவிகள் வரை ஒன்று விடவில்லை. அவள் மல்லாட்டையை உரித்து உரித்து என் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"பின்ன?" என்றாள் எல்லாம் முடிந்ததும். "எதிர்ல ஒண்ணும் வெக்காம கண்ணைத் தொறந்தா அது எதைப் பாக்கும்? ஒன் வீட்டுக்காரரு பண்ணதுதான் சரி. மறந்தாராம்ல! எவன் சொன்னான்? கண்ணை மறக்கிற ஆசாரி ஒலகத்துல உண்டா?"

வண்டி நின்றது. விக்கிரவாண்டி. "தூக்கி வுடுக்கா" என்றாள். மூட்டையைத் தலைக்கு ஏற்றிவிட்டேன். இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போனாள்.

திண்டிவனத்தில் நீங்கள் மறந்தவர். விழுப்புரத்திலும் மறந்தவர்தான். விக்கிரவாண்டியில் மட்டும் ஒருத்திக்கு உங்களைத் தெரியும். அவள் பேரைக் கேட்டுக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை. மிச்ச ஊருக்கெல்லாம் நான்தான் சுமக்கிறேன், கோபத்தோடுதான் சுமக்கிறேன். இறக்கி வைக்கவும் மாட்டேன்.